வலிப்பு தானாக நிற்காதபோது: 'ஸ்டேட்டஸ்' என்று தொடங்கும் நோய்ப் பெயர்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் எழுதும் இடத்தில் சிலருக்கு 'ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்' என்று இருக்கும். வேறு சிலருக்கு 'ஸ்டேட்டஸ் மைக்ரெய்னோசஸ்'. அபூர்வமாக 'எபிலெப்சியா பார்ஷியாலிஸ் கன்டினுவா' என்று நீளமாக ஒன்று வரும். எல்லாமே லத்தீன் வடிவில் அமைந்த பெயர்கள். வீட்டில் இருப்பவர்கள் அதை வாசித்துவிட்டு ஏதோ புது நோய் வந்துவிட்டது என்று பயந்துபோகிறார்கள். அல்லது புரியவில்லை என்று மடித்து ஃபைலில் வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பெயர்கள் எல்லாம் காலத்தைப் பற்றியவை. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்க வேண்டிய ஒன்று அடங்காமல் நிலைத்துவிட்டது என்பதுதான் அவை சொல்லும் செய்தி. எவ்வளவு நேரம் நிலைத்தால் ஆபத்து, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் பெயருக்குப் பெயர் மாறும். சிலவற்றில் கணக்கு நிமிடங்களில், சிலவற்றில் நாட்களில், சிலவற்றில் மாதங்களில். நான் முதல் பெயரைத்தான் அதிகம் பேசப்போகிறேன். நிமிடக் கணக்கில் உயிர் போகக்கூடியது அது ஒன்றுதான்.

முதலில் சாதாரண வலிப்பு. மூளையில் உள்ள நரம்பு செல்கள் மின்சைகைகள் மூலம்தான் பேசிக்கொள்கின்றன. ஒரு பெரிய கூட்டம் செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் சைகை அனுப்ப ஆரம்பித்தால் அதுதான் வலிப்பு, நம் பேச்சில் ஃபிட்ஸ். அதில் எல்லோருக்கும் தெரிந்த வகை, உடம்பு முழுக்க விறைத்து, அப்புறம் கைகால் வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளி, நினைவு தப்பிப்போவது. பார்ப்பவர்களுக்கு அது முடிவில்லாமல் நீள்வதுபோலத் தெரியும். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். மூளைக்குள்ளேயே அதை நிறுத்தும் ஏற்பாடுகள் இருக்கின்றன. வலிப்பு நின்றதும் ஆள் அயர்ந்து தூங்குவார், கொஞ்ச நேரம் குழம்பிய நிலையில் இருப்பார், பிறகு தெளிவார்.

கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். யாராவது ஓடிப்போய் இரும்பைத் தேடி எடுத்துவந்து கையில் திணிப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வலிப்பு தானே நின்றிருக்கும். பேர் இரும்புக்குப் போய்விடுகிறது.

அந்த நிறுத்தும் ஏற்பாடு தோற்றுப்போகும்போது வருவதுதான் ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ். லத்தீனில் ஸ்டேட்டஸ் என்றால் நிலை. வலிப்பு வந்துபோகும் சம்பவமாக இல்லாமல் ஒரு நிலையாக மாறிவிட்டது. அது இரண்டு விதமாக வரலாம். ஒரே வலிப்பு நிற்காமல் ஓடலாம். அல்லது வலிப்பு நின்று, ஆள் முழுதாக நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்து, அதுவும் நின்று, மறுபடி வந்து என்று தொடரலாம். இரண்டாவது வகையில் வீட்டார் அடிக்கடி ஏமாந்துபோகிறார்கள். "நடுவுல நின்னு நின்னுதானே வருது" என்று காத்திருப்பார்கள். நடுவில் கண் திறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் அளவுக்குத் தெளிவு வந்ததா என்பதுதான் கவனிக்க வேண்டியது. வரவில்லை என்றால் அது நிற்காத வலிப்பாகத்தான் எண்ணப்படும்.

இந்த நிலையை மனிதர்கள் மிகப் பழைய காலத்திலேயே பார்த்திருக்கிறார்கள். பாபிலோனியரின் 'சகிக்கு' என்ற மருத்துவக் களிமண் பலகைகளில், ஒருவருக்கு வலிப்பு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தால் பிழைப்பது கடினம் என்ற பொருளில் குறிப்பு இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு தனிப் பெயர் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில். அங்கே சால்பெத்ரியே, பிசெத்ர் போன்ற பெரிய விடுதி மருத்துவமனைகளில் வலிப்பு நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். அவ்வப்போது வரும் வலிப்பு அவர்களுக்குப் பழகிப்போனது. ஆனால் அவர்களில் ஒருவருக்குத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் அது வேறு, அதில் ஆள் போய்விடலாம் என்று தெரிந்து, அதற்கென ஒரு பிரெஞ்சுச் சொல்லைத் தங்களுக்குள் வைத்திருந்தார்கள். 1824இல் கல்மேய் என்ற மருத்துவர் தன் ஆய்வேட்டில் அந்தச் சொல்லை எழுதிவைத்தார். பிறகு பாரிஸ் மருத்துவர் திரூசோவின் மருத்துவ விரிவுரைகளை 1860களில் பஸீர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அது 'ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்' என்ற லத்தீன் உருவம் எடுத்தது. இவ்வளவு அந்நியமாக ஒலிக்கும் ஒரு பெயர், முதலில் நோயாளிகள் பார்த்துக் கண்டுகொண்ட வேறுபாட்டிலிருந்து பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அந்தக் காலத்தில் மருத்துவர்களால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். சால்பெத்ரியேயில் இருந்த பூர்ன்வில், நிற்காத வலிப்பில் உடல் சூடு ஏறிக்கொண்டே போவதைக் கவனித்துப் பதிவுசெய்தார். மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. 1857க்குப் பின் புரோமைடு உப்புகள் வந்தன. 1912இல் ஃபெனோபார்பிட்டோன், 1938இல் ஃபெனிட்டாயின். இந்தியாவில் 'எப்டாயின்' என்ற பெயரில் வீடு வீடாகத் தெரிந்த மாத்திரை இந்த ஃபெனிட்டாயின்தான். 1965இல் பிரான்ஸின் மார்செய் நகரில் ஆன்ரி காஸ்தோவும் அவருடைய குழுவினரும் டயாசெபாமை ஊசியாகப் போட்டு நிற்காத வலிப்பை நிறுத்தலாம் என்று காட்டினார்கள். இன்று உலகம் முழுக்க முதல் மருந்தாகப் போடப்படுவது அந்த வகை மருந்துதான்.

எத்தனை நிமிடம்?

"நிற்காத வலிப்பு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கான பதில் கடந்த 60 ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றம் புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்த மாதிரி.

1962இல் மார்செயில் காஸ்தோ நடத்திய கூட்டத்தில் நிமிடக் கணக்கு எதுவும் வைக்கவில்லை. போதிய அளவு நீண்டுபோன வலிப்பு என்றுதான் சொன்னார்கள். 1970களில் பிரையன் மெல்ட்ரம் என்ற ஆய்வாளர் பாபூன் குரங்குகளில் செய்த ஆய்வுகள் வந்தன. ஒன்றரை மணி நேரம் அளவுக்கு வலிப்பு ஓடிய குரங்குகளின் மூளையில் செல்கள் செத்திருந்தன. இன்னொரு தொகுதி ஆய்வில் குரங்குகளின் தசைகளை மருந்தால் செயலிழக்கச் செய்து, செயற்கைச் சுவாசம் கொடுத்து, சர்க்கரை, ஆக்சிஜன் எல்லாம் சரியாக வைத்துப் பார்த்தார்கள். உடம்பு துளியும் ஆடவில்லை. ஆனாலும் மூளைக்குச் சேதம் வந்தது, கொஞ்சம் குறைவாக. மூச்சுத் திணறலாலும் காய்ச்சலாலும் மட்டும் மூளை கெடுவதில்லை, ஓயாமல் ஓடும் அந்த மின்னோட்டமே செல்களைக் கொல்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. இந்த முடிவு பின்னால் ஐ.சி.யூ. பகுதியில் நமக்குத் தேவைப்படும்.

இத்தகைய ஆய்வுகளை ஒட்டி 30 நிமிடம் என்ற கோடு பாடப்புத்தகங்களில் ஏறியது. அது சேதம் எப்போது தொடங்கும் என்ற கோடு. ஆனால் அதைச் சிகிச்சை எப்போது தொடங்க வேண்டும் என்ற கோடாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். வீடு தீப்பிடித்தால் கூரை விழும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றுவதில்லை அல்லவா. 1999இல் லோவன்ஸ்டைன் உள்ளிட்ட அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் எளிமையான ஒரு வாதத்தை வைத்தார்கள்: தானாக நிற்கப்போகும் வலிப்பு சில நிமிடங்களிலேயே நின்றுவிடும், 5 நிமிடம் தாண்டியும் ஓடுகிறது என்றால் அது தானாக நிற்காது என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும். 2015இல் உலக வலிப்புநோய்த் தடுப்பு அமைப்பு இரண்டு கோடுகளையும் சேர்த்தே வைத்துவிட்டது. உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்புக்கு முதல் கோடு 5 நிமிடம், அதில் சிகிச்சை தொடங்கியாக வேண்டும். இரண்டாம் கோடு 30 நிமிடம், அதற்குள் வலிப்பு நின்றாக வேண்டும், தாண்டினால் நிரந்தரச் சேதம் வரலாம். நினைவு மங்கி ஒரு பகுதியில் மட்டும் வரும் வலிப்புக்கு இதே கோடுகள் 10 நிமிடம், 60 நிமிடம்.

ஆக, வீட்டில் இருப்பவருக்கான எண் 5. வலிப்பு ஆரம்பித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். பதற்றத்தில் நம் கணிப்பு எப்போதும் தப்பும். 1 நிமிடம் 10 நிமிடமாகத் தோன்றும்.

தாமதித்தால் மருந்து ஏன் தோற்கிறது?

சேதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவசரத்துக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. வெளியே அவ்வளவாகப் பேசப்படாத காரணம்.

மூளையில் செல்களை அடக்கும் ரசாயனம் காபா. நரம்பு செல்லின் மேற்பரப்பில் காபா வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. டயாசெபாம், லோராசெபாம், மிடாசோலாம் ஆகிய மருந்துகள் எல்லாம் இந்த ஏற்பிகளில் காபாவின் வேலையைக் கூட்டித்தான் வலிப்பை அடக்குகின்றன. வலிப்பு நீண்டுகொண்டே போனால் செல்கள் இந்த ஏற்பிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதே நேரத்தில் செல்களைத் தூண்டிவிடும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் மேற்பரப்பில் அதிகமாகின்றன. அடக்குவது குறைகிறது, தூண்டுவது கூடுகிறது. மருந்து ரத்தத்தில் இருக்கிறது, ஆனால் போய் ஒட்ட இடம் இல்லை. முதல் சில நிமிடங்களில் ஒரு ஊசியில் அடங்கியிருக்கக்கூடிய வலிப்பு, ஒரு மணி நேரம் கழித்து இரண்டு மூன்று மருந்துகளுக்கும் அடங்காமல் போவது இதனால்தான். வலிப்பு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

உடம்பும் இதேபோல் இரண்டு கட்டமாகத் தாக்குப்பிடிக்கிறது. ஆரம்பத்தில் அட்ரினலின் பாய்ந்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு எல்லாம் ஏறி மூளைக்கு வேண்டியதை எப்படியோ கொடுத்துவிடும். ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குப் பின் அது களைத்துவிடும். அழுத்தம் இறங்கும், சர்க்கரை இறங்கும், உடல் சூடு ஏறும், ரத்தத்தில் அமிலம் சேரும். ஓயாமல் இழுத்த தசைகள் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது: இந்த ஊசி மூச்சை நிறுத்திவிடாதா? நியாயமான பயம்தான், இந்த மருந்துகளுக்கு அந்தக் குணம் உண்டு. இதற்கு நேரடியாகவே பதில் சொல்லும் ஆய்வு 2001இல் வெளிவந்தது. சான்பிரான்சிஸ்கோவில் ஆம்புலன்ஸ் பணியாளர்கள், 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு ஓடிய 205 பேருக்கு லோராசெபாம், டயாசெபாம், வெறும் போலி ஊசி ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்தார்கள். மருத்துவமனை சேரும்போது வலிப்பு நின்றிருந்தவர்கள் லோராசெபாம் பெற்றவர்களில் 59 சதவீதம், டயாசெபாம் பெற்றவர்களில் 43 சதவீதம், போலி ஊசி பெற்றவர்களில் 21 சதவீதம். மூச்சு, ரத்த ஓட்டத் தொல்லைகள் அதிகம் வந்தது யாருக்கு? போலி ஊசி பெற்றவர்களுக்கு, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. மருந்தைவிட நிற்காத வலிப்புதான் மூச்சுக்குப் பெரிய ஆபத்து. 2012இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, ரத்தக் குழாயைத் தேடி ஊசி போடுவதில் நேரம் போவதால், தொடைத் தசையில் மிடாசோலாம் போடுவது அதைவிட மோசமில்லை, உண்மையில் கொஞ்சம் மேலாகவே இருக்கிறது என்று காட்டியது.

மருத்துவமனையில் நடப்பது

அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்ததும் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும். மூச்சுப் பாதையைச் சரிசெய்வது, ஆக்சிஜன், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. சர்க்கரை குறைந்திருந்தால் அதைக் கொடுத்தாலே வலிப்பு நிற்கும். குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். வலிப்புக்கு முதல் கட்டம் மேலே சொன்ன டயாசெபாம் குடும்பத்து ஊசி. அதில் அடங்கவில்லை என்றால் இரண்டாம் கட்டம்: லெவெட்டிராசெட்டம், ஃபாஸ்ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட் ஆகியவற்றில் ஒன்று. "பக்கத்து ஆஸ்பத்திரியில் வேற மருந்து போட்டாங்களே, இங்க ஏன் இது?" என்று சிலர் கவலைப்படுவார்கள். 2019இல் இந்த மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு முடிவு வந்தது. மூன்றுமே ஏறத்தாழ பாதிப் பேரிடம் வேலை செய்தன, வித்தியாசம் இல்லை. எது போடுகிறார்கள் என்பதைவிடச் சரியான அளவில் சீக்கிரம் போடுகிறார்களா என்பதுதான் முக்கியம்.

இரண்டாம் கட்டத்துக்கும் அடங்காவிட்டால் அதற்கு 'ரிஃப்ராக்டரி' என்ற அடைமொழி சேரும். சம்மரியில் இந்தச் சொல் இருந்தால் மருந்துக்குக் கட்டுப்படாத நிலை என்று பொருள். அப்போது ஐ.சி.யூ.வில் வெண்டிலேட்டர் வைத்து, மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, மூளையின் மின்னோட்டத்தையே சில நாள் தணித்து வைப்பார்கள். அங்கே போய் நிற்கும் குடும்பத்தார் பார்ப்பது அசையாமல் கிடக்கும் ஓர் உடலை. "இழுப்பு நின்னுடுச்சே, இன்னும் ஏன் மயக்கத்துல வைக்கிறீங்க?" என்ற கேள்வி அங்கேதான் வரும். மெல்ட்ரமின் குரங்குகளை இங்கே நினைவுகூர வேண்டும். உடம்பு ஆடாமலே மூளைக்குள் வலிப்பு ஓடலாம். 1998இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் நடந்த ஓர் ஆய்வில், வெளிப்படையான இழுப்பு அடங்கிய 164 பேரின் மூளையை, அதன் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனையில் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு மின் அளவில் வலிப்பு மறுபடி வந்தது. தலையில் வயர்களை ஒட்டிப் பக்கத்தில் ஒரு திரையை ஓடவிட்டிருப்பது இதைப் பார்க்கத்தான். மயக்க மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆகியும் வலிப்பு தொடர்ந்தாலோ, மருந்தைக் குறைத்ததும் திரும்பினாலோ 'சூப்பர் ரிஃப்ராக்டரி' என்பார்கள். 2011இல் வழக்குக்கு வந்த பெயர் அது. என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தடுக்கும் கெட்டமின் இந்தக் கட்டத்தில் பயன்படுகிறது.

மரணம் எந்த அளவு? பெரியவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவர். குழந்தைகளில் அதைவிட மிகக் குறைவு. ஆனால் இந்தச் சராசரியை உங்கள் வீட்டு ஆளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காரணம்தான். ஏற்கெனவே வலிப்பு உள்ளவர் மாத்திரையை நிறுத்தியதால் வந்தது என்றால் தேறும் வாய்ப்பு நல்லது. இதயம் நின்று மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் வந்தது என்றால் நிலைமை கடினம். பக்கவாதம், மூளைக்காய்ச்சல், தலைக்காயம், சோடியம் குறைவு, குடியைத் திடீரென விட்டது, பூச்சிமருந்து விஷம் எல்லாம் காரணப் பட்டியலில் உண்டு. காரணமே தெரியாமல் நல்ல ஆரோக்கியமாக இருந்த இளைஞர்களுக்கும் வரும். அவர்களில் சிலருக்கு, சொந்த எதிர்ப்புச் சக்தியே என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் ஒரு வகை மூளை அழற்சி இருப்பதை 2007இல் டால்மாவ் குழுவினர் விவரித்தார்கள். இளம்பெண்களில் சிலருக்குச் சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டியை அகற்றி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சிகிச்சை கொடுத்தால் மாதங்கள் கழித்துக்கூட எழுந்து நடக்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வருடம் வலிப்பு வரவில்லை, கல்யாணம் வருகிறது, விரதம் இருக்கிறேன், ஊருக்குப் போனபோது தீர்ந்துவிட்டது, நாட்டு மருந்து சாப்பிடப்போகிறேன் என்று பல காரணங்களால் திடீரென நிறுத்துகிறார்கள். நிறுத்தவே கூடாது என்பதில்லை. தகுந்த நேரத்தில் மருத்துவரே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். ஒரே நாளில் நிறுத்துவதுதான் ஆளை ஸ்டேட்டஸில் கொண்டுபோய்த் தள்ளும். கல்யாணத்துக்காக நோயை மறைக்கச் சொல்லி ஒரு பெண்ணின் மாத்திரையைப் பறிப்பதைப்போல் கொடுமை வேறில்லை. அது அவள் உயிரோடு விளையாடுவது.

வீட்டில் வலிப்பு வந்தால்: ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், பக்கத்தில் இருக்கும் கூரான பொருட்களை நகர்த்துங்கள். வாய்க்குள் ஸ்பூன், விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் போகக் கூடாது. கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். நேரம் பாருங்கள். 5 நிமிடம் நெருங்கினாலோ, தெளிவு வராமல் இரண்டாவது வந்தாலோ, முதன்முறையாக வந்த வலிப்பு என்றாலோ, கர்ப்பிணி என்றாலோ ஆம்புலன்ஸ்தான். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. முடிந்தால் இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஏற்கெனவே ஒருமுறை இந்த நிலைக்குப் போனவர் என்றால், மூக்கில் அடிக்கும் மிடாசோலாம் ஸ்பிரே வீட்டில் வைத்திருக்கலாமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். எடைக்கு எத்தனை முறை அடிப்பது, எத்தனை நிமிடத்தில் அடிப்பது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். குழந்தை என்றால் பள்ளியிலும் தாத்தா பாட்டி வீட்டிலும் ஒன்று இருப்பது நல்லது.

இழுப்பே இல்லாத ஸ்டேட்டஸ்

எத்தனை வகை வலிப்பு உண்டோ அத்தனை வகை ஸ்டேட்டஸ் உண்டு என்று காட்டியது மார்செய்க் கூட்டத்தின் பெரிய பங்களிப்பு. எல்லா வலிப்பிலும் கைகால் இழுக்காது. ஆகவே நிற்காத வலிப்பிலும் சில வெறும் குழப்பமாக, வெறித்த பார்வையாக, பேசாமல் உட்கார்ந்திருப்பதாக, உதட்டை மென்றுகொண்டிருப்பதாக மணிக்கணக்கில் ஓடும். வயதானவருக்கு இது வந்தால் புத்தி தடுமாறுகிறது, வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். நேற்றுவரை தெளிவாக இருந்த பாட்டி இன்று காலையிலிருந்து ஒருமாதிரி இருக்கிறார் என்றால் சர்க்கரை, சோடியம், பக்கவாதம் ஆகியவற்றோடு இ.இ.ஜி.யையும் மருத்துவர் யோசிப்பார். கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

குழந்தைகளில் இன்னும் மறைவான ஒன்று உண்டு. தூங்கும்போது மட்டும் இ.இ.ஜி.யில் வலிப்பு அலைகள் ஏறத்தாழ இடைவிடாமல் ஓடும். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை இழக்கும், கூப்பிட்டால் திரும்பாது. காது கேட்கவில்லை என்று பெற்றோர் காது மருத்துவரிடம் போவார்கள். 1957இல் லாண்டாவும் கிளெஃப்னரும் விவரித்த நோய் இந்த வகையைச் சேர்ந்தது. வந்த பேச்சு திரும்பிப் போகும் எந்தக் குழந்தைக்கும் தூக்கத்தில் எடுத்த இ.இ.ஜி. தேவை.

சரி, அந்த நீளமான பெயருக்கு வருவோம். 'எபிலெப்சியா பார்ஷியாலிஸ் கன்டினுவா', உடம்பின் ஒரு சிறு பகுதியில் மட்டும் தொடர்ந்து ஓடும் வலிப்பு. கட்டைவிரலோ உதட்டோரமோ பாதமோ மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில், நாள்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். ஆள் முழு நினைவோடு பேசிக்கொண்டிருப்பார். மாஸ்கோவில் கோஜெவ்னிகவ் 1890களில் இதை விவரித்தார். பின்னாளில் ரஷ்யாவில் உண்ணி கடித்துப் பரவும் மூளைக்காய்ச்சலோடு இதைத் தொடர்புபடுத்தினார்கள். நம்மில் பலருக்கு நெருக்கமான காரணம் வேறு: கட்டுப்படாத சர்க்கரை நோய். சர்க்கரை மிக அதிகமாக ஏறியிருக்கும்போது ஒரு கை மட்டும் துடிக்கத் தொடங்கலாம், அவருக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரியவரலாம். அங்கே வலிப்பு மருந்தைவிட இன்சுலினும் சலைனும்தான் வேலை செய்யும்.

'ஸ்டேட்டஸ் டிஸ்டோனிகஸ்' என்பது வலிப்பே அல்ல. தசைகள் தாமாக முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா என்ற கோளாறு, காய்ச்சலாலோ மருந்து மாற்றத்தாலோ அடங்காத அளவுக்கு ஏறுவது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளிடமும், தாமிரம் உடலில் தேங்கும் வில்சன் நோயிலும் பார்க்கலாம். குழந்தை நினைவோடு இருக்கும், வலியில் கதறும். இதற்கும் அவசர சிகிச்சை வேண்டும், தசை சிதைவும் சிறுநீரகப் பாதிப்பும் இதிலும் வரும்.

நாட்களில் எண்ணப்படும் தலைவலி

'ஸ்டேட்டஸ் மைக்ரெய்னோசஸ்' என்றால் முடங்கச் செய்யும் ஒற்றைத் தலைவலி 72 மணி நேரத்தைத் தாண்டியும் விடாமல் இருப்பது. ஒற்றைத் தலைவலி பொதுவாக 4 மணி நேரத்திலிருந்து 3 நாள்வரை ஓடி அடங்கும். அந்த மேல்வரம்பைத் தாண்டினால் இந்தப் பெயர். வலிப்பைப்போல் மூளை செல்கள் சாகும் நிலை இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வாந்தியால் உடம்பு வறண்டு, தூக்கமில்லாமல் ஆள் நொறுங்கிப்போவார். சலைன், வாந்தியை நிறுத்தும் ஊசி, வலி ஊசி, சில சமயம் ஸ்டீராய்டு கொடுத்து அந்தச் சுழலை உடைப்பார்கள்.

இரண்டு விஷயங்களை இதில் சொல்லியாக வேண்டும். ஒற்றைத் தலைவலி வழக்கமாக வருபவருக்குத்தான் இந்தப் பெயரைச் சூட்டலாம். அதுவும் இந்த முறை வலி வழக்கமான மாதிரியே இருந்தால். பிரசவம் ஆகிச் சில நாட்களில் வரும் விடாத தலைவலி, கருத்தடை மாத்திரை எடுப்பவருக்குப் புதிதாக வரும் தலைவலி, பார்வை மங்கலோடு வருவது, காய்ச்சலோடு வருவது இவையெல்லாம் மூளையின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்ததாலோ தொற்றாலோ இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் மைக்ரேன் என்று விட்டுவிடக் கூடாது. இரண்டாவது, வலி மாத்திரை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகளை அல்லது பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகளை 10 நாள் அல்லது அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கச் செய்துவிடும்.

மாதக்கணக்கில் எண்ணப்படுவது 'ஹெமிக்ரேனியா கன்டினுவா'. தலையின் ஒரே பக்கத்தில், பக்கம் மாறாமல், 3 மாதத்துக்கு மேல் ஒருநாளும் விடாமல் இருக்கும் வலி. அவ்வப்போது அது கூடும். அப்போது அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும், இமை தொய்யும். 1984இல் ஷோஸ்டாவும் ஸ்பியரிங்ஸும் இதற்குப் பெயரிட்டு விவரித்தார்கள். இதன் விசேஷம் மருந்தில் இருக்கிறது: இண்டோமெத்தசின் என்ற பழைய, மலிவான மாத்திரைக்கு இந்த வலி முழுதாக அடங்கும். வேறு வலி மாத்திரைகளுக்கு அப்படி அடங்காது. அடங்குவதே நோயை உறுதிசெய்யும் சோதனையும்கூட. வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைத் தொடும் மருந்து என்பதால் தானாக வாங்கிப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஆனால் மாதக்கணக்கில் ஒரே பக்கத் தலைவலியோடு சைனஸுக்கும் கண்ணாடிக்கும் அலைந்துகொண்டிருப்பவர்கள், நரம்பியல் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே "இது எனக்கு இருக்குமா?" என்று கேட்கலாம்.